'கரன்ட் வெச்சா கை வந்துடுமா?' - பிசியோதெரபி படிப்பு 5 வருடமாகிறது... நம் வீட்டு நோயாளிக்கு என்ன மாறும்?

எங்கள் ஆயாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி செம்பரம்பாக்கத்துக்கு அனுப்பிவைத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளுக்கெல்லாம் எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று தெளிவாக இருந்தது. கடைசியில் மட்டும் ஒரே ஒரு வரி: 'பிசியோதெரபி தொடரவும்.' எத்தனை நாள், எங்கே, யாரிடம், என்ன செய்ய... எதுவும் இல்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கிளினிக் இருந்தது. பத்து நாள் ஆட்டோ வைத்து ஆயாவைக் கூட்டிப்போனோம். தோள்பட்டையில் பேட் ஒட்டி இருபது நிமிடம் கரன்ட், அப்புறம் மெழுகு ஒத்தடம். ஆயாவுக்கு அது பிடித்தும் இருந்தது. "சூடு இதமா இருக்குதுடி" என்பார். பத்தாவது நாள் திரும்பி வரும்போது ஆட்டோவில் என்னைக் கேட்டார், "கரன்ட் வெச்சா கை வந்துடுமா?" எனக்கு பதில் தெரியவில்லை. பத்து நாளில் கை ஒரு விரற்கடைகூட மேலே போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பிசியோதெரபி அக்கா வீட்டுக்கே வந்தார். பையில் மெஷின் எதுவும் இல்லை. வந்ததும் கையைப் பிடித்துத் தூக்கவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, "ஆயா, உடம்பு சரியானதும் முதல்ல என்ன வேலை செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். ஆயா யோசிக்கவே இல்லை. "கீழ உக்காந்து முருங்கைக்கீரை ஆயணும்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் சிகிச்சை. முதலில் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது. அது பழகியதும் நாற்காலிக்கு பதிலாக முக்காலி, அப்புறம் மணை, அப்புறம் தரை. கைக்குத் தனியாகப் பயிற்சி எதுவும் கிடையாது, கீரைதான் பயிற்சி. வலது கையால் காம்பைப் பிடிக்க வேண்டும், இடது கையால் உருவ வேண்டும். நான்கு மாதத்தில் ஆயா தரையில் உட்கார்ந்தார். ஒரு கட்டு கீரை ஆய இப்போதும் முக்கால் மணி நேரம் ஆகிறது, ஆனால் ஆய்ந்துவிடுகிறார்.

கிளினிக்கில் இருந்தவரும் இந்த அக்காவும் படித்தது ஒரே பட்டம்தான்: பி.பி.டி. அப்படியென்றால் அந்தப் படிப்பில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்? இந்தக் கேள்வி எனக்குள்ளேயே இருந்தது. சமீபத்தில் எதிர்வீட்டுப் பெண், பிளஸ் டூ பயாலஜி குரூப், என்னிடம் வந்து, "அக்கா, பி.பி.டி சேரலாம்னு இருக்கேன். அஞ்சு வருஷமாக்கிட்டாங்களாமே, நெஜமா?" என்று கேட்டபோதுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

நெஜம்தான்!

தமிழ்நாட்டில் பி.பி.டி இதுவரை நான்கரை வருடம். நான்கு வருடம் வகுப்பு, ஆறு மாதம் இன்டெர்ன்ஷிப். கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் இதுதான் நடைமுறை. மத்திய சுகாதார அமைச்சகம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட புதிய பாடத்திட்டம் இதை நான்கு வருடம் வகுப்பு, ஒரு வருடம் இன்டெர்ன்ஷிப் என்று மாற்றுகிறது. ஆக மொத்தம் ஐந்து. பிசியோதெரபி மட்டுமல்ல, கண் பரிசோதனைக்கான ஆப்டோமெட்ரி, டயாலிசிஸ், ரேடியாலஜி, ஊட்டச்சத்து என்று மொத்தம் பத்துத் துறைகளுக்கு ஒரே நேரத்தில் பாடத்திட்டம் வந்தது.

இதன் பின்னால் இருப்பது 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம். டாக்டர்களுக்கு, பல் மருத்துவர்களுக்கு, நர்ஸ்களுக்கு, ஃபார்மசிஸ்ட்களுக்கு எல்லாம் தேசிய அளவில் கவுன்சில் இருந்தது. பிசியோதெரபிஸ்ட்களுக்குக் கிடையாது. 1950-களின் தொடக்கத்தில் மும்பையில் போலியோ பரவியபோது, கே.இ.எம் மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்ததிலிருந்து எண்ணிப்பாருங்கள், எழுபது வருடம்! அதுவரை யார் என்ன பாடம் நடத்த வேண்டும் என்று நாடு முழுவதற்குமாகச் சொல்ல ஆளே இல்லை. 2021 சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையம்தான் இப்போது அந்த வேலையைச் செய்கிறது. பட்டம் பெற்ற சுகாதார நிபுணர் என்று சொல்லிக்கொள்ள, மூன்றிலிருந்து ஆறு வருடத்துக்குள் குறைந்தது 3,600 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் வரையறுக்கிறது.

ஒரே அளவுகோல் ஏன் தேவை என்பதற்கு எங்கள் ஊரைத் தாண்டி எங்கேயும் போக வேண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறி உட்காருங்கள். தண்டலத்தில் சவீதா, வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ், கொஞ்சம் உள்ளே போனால் போரூரில் ஶ்ரீராமச்சந்திரா. மூன்றும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை, அதாவது தங்கள் பாடத்திட்டக் குழுவை வைத்துத் தாங்களே சிலபஸ் போட்டுக்கொள்ளக்கூடியவை. பக்கத்திலேயே இருக்கும் வேறு கல்லூரிகளுக்கு கிண்டியிலிருந்து சிலபஸ் வரும். அரை மணி நேர பஸ் பயணத்துக்குள் ஒரே பட்டத்துக்கு இத்தனை சிலபஸ்! (பெற்றோர் கவனத்துக்கு ஒன்று: கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் அரசுடையது. மதுரவாயலில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.)

பாடப் புத்தகம் பழசாகிவிட்டால்?

சரி, வருடத்தைக் கூட்டினால் சிகிச்சை மாறிவிடுமா? இங்கேதான் நான் எதிர்பார்க்காத விஷயங்கள் கிடைத்தன.

இடுப்புவலியை எடுத்துக்கொள்வோம். ஶ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. எட்டு மணி நேரம் லைனில் நின்று, குனிந்து, தூக்கி வேலை பார்ப்பவர்கள். இடுப்பு பிடித்துக்கொண்டால் இவர்கள் போய்ப் படுப்பது அந்த கரன்ட் கட்டிலில்தான். ஆனால் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் 'நைஸ்' என்ற அமைப்பு, 2016-லேயே முதுகுவலிக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இன்டர்ஃபெரன்ஷியல் ஆகிய மூன்றையும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம் ஊர் கிளினிக்குகளில் கட்டில் பக்கத்தில் வரிசையாக நிற்கிற அதே மெஷின்கள்தான் இவை. அதற்கு பதிலாக அந்த அமைப்பு சொன்னது உடற்பயிற்சி. 2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் இடுப்புவலி பற்றி வெளியிட்ட தொடர் கட்டுரைகளும் இதைத்தான் சொல்லின: படுக்காதீர்கள், முடிந்தவரை நடமாடுங்கள், வேலைக்குத் திரும்புங்கள்.

இதனால் கரன்ட்டே கூடாது என்று அர்த்தமில்லை. பக்கவாதத்தில் செயலிழந்த தசையைத் தூண்டுவதற்கு மின்தூண்டலுக்கு இன்றும் இடம் உண்டு. நோயாளியைப் படுக்கவைத்து பேட் ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதுதான் பிசியோதெரபி என்று ஆகிவிட்டதுதான் சிக்கல். அதற்கு பிசியோதெரபிஸ்ட்டை மட்டும் குறைசொல்லவும் முடியாது. "மெஷின் எதுவும் வைக்கல, சும்மா எக்சர்சைஸ் சொல்லிக்குடுத்து காசு வாங்கிட்டாரு" என்று சலித்துக்கொள்பவர்கள் நாம்தானே! எங்கள் வீட்டிலும் முதல் இரண்டு வாரம் அந்த அக்காவைப் பற்றி இதே பேச்சுதான் ஓடியது. அம்மா இப்போது அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஸ்ட்ரோக்கிலும் ஒரு கதை இருக்கிறது. நோயாளியை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று பல வருடங்களாக நம்பினார்கள். கேட்கவும் சரியாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழு ஒன்று ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தது. ஒரு பாதிப் பேரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அதிக நேரம், அடிக்கடி பயிற்சி செய்யவைத்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. 2015-ல் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் குழுவில் 46 சதவிகிதம், வழக்கமான கவனிப்பில் 50 சதவிகிதம். அவசரப்பட்டு எழுப்பியவர்கள்தான் பின்தங்கினார்கள்! அதே தகவல்களைப் பிறகு அலசியபோது, ஒரேயடியாக நீண்ட நேரம் செய்யவைப்பதைவிட கொஞ்ச நேரமாக அடிக்கடி செய்யவைப்பது நல்லது என்று தெரிந்தது.

ஆக, உடற்பயிற்சிக்கும் மாத்திரை மாதிரியே அளவு இருக்கிறது. எத்தனை முறை, எவ்வளவு பாரம், எத்தனை நிமிடம் இடைவெளி என்று எழுதித்தர வேண்டிய விஷயம் அது. 2014-ல் பட்டம் வாங்கியவர் படித்தது ஒன்று, 2016-ல் வாங்கியவர் படித்திருக்க வேண்டியது வேறு. சிலபஸ் பத்து வருடம் அப்படியே கிடந்தால் அதன் பலன் நம் வீட்டுக் கட்டிலில் வந்து சேரும்.

புதிய பாடத்திட்டத்துக்கு 'திறன் அடிப்படையிலான பாடத்திட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பாடத்தை எத்தனை மணி நேரம் நடத்தினோம் என்பதோடு நிற்காமல், முடித்துவிட்டு வெளியே வரும் மாணவரால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவது. முழங்காலின் தசைநார்களை வரிசையாக எழுதத் தெரிந்தால் பரீட்சையில் மார்க் வரும். அதே முழங்காலோடு ஒருவர் மூன்றாவது மாடிக்குப் படியேற வேண்டும் என்றால் என்ன செய்வது என்பது திறன்.

வேலூரில் ஏற்கெனவே நடந்ததுதான்

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்தின் கதையில் பெரிய அத்தியாயம் நம் வேலூரில்தான் இருக்கிறது. சி.எம்.சி மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், 1940-களின் கடைசியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாரை இடம் மாற்றி ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார். ஆபரேஷன் பாதி வேலைதான். இடம் மாறிய தசைக்குத் தன் புது வேலையைக் கற்றுக்கொடுக்க, வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

அதே மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1954-ல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. டாக்டர் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். 1966-ல் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையம் வேலூரில் திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே இதுதான் முதல். இன்று அது அவர் பெயரில் இருக்கிறது. 1972-ல் அவருக்கு பத்மஶ்ரீ கிடைத்தது. நம் பள்ளிப் புத்தகங்களில் இவருக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

ஒரு வருடம் எங்கே?

புதிய பாடத்திட்டத்தில் என் கண்ணில் பெரிதாகப் பட்டது அந்தக் கூடுதல் ஆறு மாத இன்டெர்ன்ஷிப்தான். அதை மாணவர்கள் எங்கே கழிக்கப்போகிறார்கள்? கல்லூரியோடு ஒட்டிய மருத்துவமனையில், அதே கரன்ட் கட்டில்களுக்கு நடுவே சம்பளமில்லாத கூடுதல் ஆளாகவா? அப்படியானால் மாணவருக்கும் அவர் வீட்டுக்கும் ஆறு மாதம் நஷ்டம், அவ்வளவுதான்.

செம்பரம்பாக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், அந்த வருடத்தைச் செலவழிக்க வேண்டிய இடங்கள் எல்லாமே வந்துவிடும். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, பல உயிர்களுக்கு ஆதாரம். நாற்பத்தொன்பதாவது மணி நேரத்துக்குப் பிறகு? கால் எலும்பு கூடிய பின்னும் முழங்கால் மடங்காமல் பைக் ஓட்ட முடியாமல் வீட்டில் இருப்பவரிடம் யார் போகிறார்கள்? கம்பெனி வாசல்களில், ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஆயா மாதிரி திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்தில், அந்த இன்டெர்ன் மாணவர் இருந்தால் எப்படி இருக்கும்?

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதே, பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியையும் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று வைத்தார்கள். 2024-ல் ஐ.நா விருதும் வாங்கிய திட்டம். பாடத்திட்டத்துக்கு வெளியே இப்படியொரு வகுப்பறை தமிழ்நாட்டில் தயாராகவே இருக்கிறது. இதை இன்டெர்ன்ஷிப்போடு கட்டாயமாக இணைப்பதற்கு டெல்லியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்ன?

பாடப் புத்தகத்திலும் வீட்டுக்கு வெளியே நிற்கும் விஷயங்கள் இருக்கின்றன. இந்தத் துறையில் புழங்கும் புத்தகங்கள் பெரும்பாலும் மேற்கத்தியவை. அவற்றில் மனிதர்கள் நாற்காலியிலிருந்து எழுவார்கள், மெத்தையில் படுப்பார்கள், வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காருவார்கள். நம் ஊரில் சம்மணம் போட வேண்டும், குத்துக்கால் வைத்து உட்கார வேண்டும், குடத்தை இடுப்பில் வைக்க வேண்டும், கோயிலில் விழுந்து கும்பிட வேண்டும். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட பல அம்மாக்களின் முதல் கேள்வியே, "கீழ உக்கார முடியுமா?" என்பதுதான். இதற்கான பதிலை மாணவர் எந்தப் பாடத்தில் படிப்பார்?

'டாக்டர்' சண்டையும் நீட் சண்டையும்

இந்தப் பாடத்திட்டத்தைப் பற்றி நியூஸில் வந்ததெல்லாம் வேறு விஷயங்கள். பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்றும் பின்னால் 'பி.டி' என்றும் போட்டுக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. உலக பிசியோதெரபி தினம் செப்டம்பர் 8. சரியாக மறுநாள், 2025 செப்டம்பர் 9 அன்று, மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் அந்த 'டாக்டரை' எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. அதற்கும் மறுநாள் அந்தக் கடிதத்தையே திரும்பப் பெற்றது. வாழ்த்து சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பல்டி!

இன்னொன்று நீட். தமிழ்நாட்டில் பி.பி.டி சேர்க்கை இதுவரை பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். புதிய பாடத்திட்டம் நுழைவுக்கு நீட் என்கிறது. எம்.பி.பி.எஸ்-க்கே நீட்டை ஏற்காத மாநிலத்தில் இது சாதாரண விஷயமல்ல. எதிர்வீட்டுப் பெண் மாதிரி கோச்சிங் போக வசதியில்லாதவர்கள் மருத்துவத்துறைக்குள் நுழைய வைத்திருந்த கதவு இது. வீட்டுக்கு வீடு போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபிசிக்ஸில் எடுக்கும் மார்க் கீரைக் கட்டைக் கையில் கொடுக்கச் சொல்லித்தராது.

சேரப்போகிறவர்களுக்கு...

எதிர்வீட்டுப் பெண்ணிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, அந்த வருடச் சேர்க்கைக்குப் பழைய சிலபஸா புதுசா என்று முதலில் கேட்க வேண்டும். இன்டெர்ன்ஷிப் எங்கே, உதவித்தொகை உண்டா, எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குவது நல்லது. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அங்கே நிஜமாகவே நோயாளிகள் வருகிறார்களா என்பதை ஒருநாள் காலையில் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் திருச்சியில் இருக்கிறது, கவுன்சலிங்கில் அதை மறக்க வேண்டாம்.

போரூர் ஶ்ரீராமச்சந்திராவிலும் மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு அறிவியல், உடற்பயிற்சி அறிவியல் சார்ந்த படிப்புகள் இருக்கின்றன. கிரிக்கெட், அத்லெட்டிக்ஸ், ஃபிட்னெஸ் பக்கம் போக ஆசையென்றால் அவை நல்ல வழி. ஆனால் அவை பி.பி.டி அல்ல. அதை முடித்துவிட்டு ஸ்ட்ரோக் நோயாளிக்குச் சிகிச்சை பார்க்க முடியாது. இரண்டும் ஒன்றுதான் என்று அட்மிஷன் ஆபீஸில் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உலகம் முழுக்க 241 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் மறுவாழ்வுச் சிகிச்சை தேவைப்படுகிறது என்று 2020-ல் லான்செட்டில் ஒரு கணக்கு வந்தது. மூன்றில் ஒருவர். எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம், கணக்கு சரியாகத்தான் வருகிறது.

எதிர்வீட்டுப் பெண் போன வாரம் ஆயாவைப் பார்க்க வந்தாள். பி.பி.டி-க்குத்தான் முயற்சி செய்யப்போவதாகச் சொன்னாள். ஆயா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஊசி போடுவியா?" "இல்ல ஆயா." "மாத்திர குடுப்பியா?" "அதுவும் இல்ல ஆயா." ஆயா கீரைக்கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "அப்ப உக்காரு. கீழ உக்காரு, சேர்ல இல்ல."